சாவியைக் கேட்டதாகச் சொன்னது

லாபு
8 ஜூன் 2025

தம்பி வீரமுத்துவுக்கு,

மாணிக்கம் அண்ணன் எழுதுவது. உறையின் மேல் என் பெயரைப் பார்த்தால் நீ வாங்க மறுத்துவிடுவாயோ என்று பயந்து, பெயர் போடாமல் அனுப்பலாமா என்று பார்த்தேன். அனுப்பியவர் யாரென்று தெரியாத கடிதத்தைச் சிறையில் கொடுக்க மாட்டார்கள் என்று உன் அண்ணி பஞ்சாலை சொன்னாள். அதனால் போட்டிருக்கிறேன்.

நீ உள்ளே போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒருமுறைகூட வந்து பார்க்கவும் இல்லை. முட்டி வலி, பஸ் இல்லை என்று எதையாவது சொல்லலாம். நீ நம்ப மாட்டாய். விடு.

நல்ல செய்திக்காகத்தான் எழுதுகிறேன். நம் ரோகினிக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டோம். மாப்பிள்ளை பெயர் முகுந்தன். வீடு மந்தினில். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். ரோகினி வேலை செய்யும் நீலாய் கிளினிக்குக்குக் கையில் வெட்டுக் காயத்தோடு வந்தவன், காயம் ஆறிய பிறகும் வந்துகொண்டிருந்தானாம். உன் விஷயம் எல்லாம் தெரிந்துதான் பெண் கேட்டார்கள். "அப்பா உள்ள இருக்காருன்னா அதுக்குப் பொண்ணு என்னா செய்யும்" என்று மாப்பிள்ளையின் அப்பாவே சொன்னார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் தாலி. மறுநாள் திங்கள் பொது விடுமுறை, அன்று மதியம் என் வீட்டில் மறுவீட்டு விருந்து. மனைவி போன பிறகு நீ ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். நான் உன் கூடப் பிறந்தவன் இல்லை என்றாலும், உன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க நானும் பஞ்சாலையும் தயார். உன் சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று. மறுவீட்டில் தண்ணி இருக்குமா என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இப்போதே கேட்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் ஆள் மேய்த்த மண்டோர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதற்கு வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் ஒரு பாட்டில் வந்ததில்லை. நீ இங்கிருந்து காரை எடுத்துக்கொண்டு போய்க் கால் மணி நேரத்தில், ரயில் கேட்டைத் தாண்டிய வளைவில், மாயாண்டியின் மோட்டார் சைக்கிளில் மோதினாய் என்று ஆள் வந்து சொன்னபோது நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். பாதியில் விட்ட நாற்காலிகள் மூன்று நாள் வாசலில் மழையில் நனைந்தன. யாருக்கும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

ஆகையால் ஒரு சொட்டுக்கூட கிடையாது என்று சொல்லிவிடலாமென்று இருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
இராஜமாணிக்கம்


சிறைச்சாலை
3 ஜூலை 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி விடுப்பில் போயிருந்தார். அவர் திரும்பிவந்து படித்த பிறகுதான் என் கைக்கு வந்தது.

ரோகினியின் செய்தியை எனக்கு நீங்கள் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் இரண்டே முறை வந்தாள். இரண்டாவது முறை வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "பெரியப்பா சாவி கேட்டாராமே. நீங்க ஏம்பா குடுக்கலே?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் எழுந்து போனாள். பிறகு வரவில்லை.

அண்ணே, குற்றத்தை நான்தான் ஒப்புக்கொண்டேன். வக்கீல் வைத்து இழுக்கவில்லை. பத்து வருடம் என்று நீதிபதி சொன்னபோது தலையை ஆட்டினேன். குடித்தது நான், ஓட்டியது நான், மாயாண்டியைக் கொன்றது நான். அதில் யாருக்கும் பங்கு கேட்கவில்லை.

ஆனால் நீங்கள் போலீசில் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் வாசிக்கப்பட்டது. 'வாகனம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அவரிடம் சாவியைக் கேட்டேன், அவர் மறுத்துவிட்டுப் போய்விட்டார்.' மலாயில் வாசித்து, எனக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னார்கள். ரோகினி பின்வரிசையில் இருந்தாள்.

அன்று உங்கள் வீட்டுக் கேட்டில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. ஐந்தரை மணி இருக்கும். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நான் கார்க் கதவைத் திறக்க முடியாமல் இரண்டு தடவை கைப்பிடியைத் தவறவிட்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் கேட்டது சாவியை இல்லை. "கறி எடுத்துக்கிட்டியாடா" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். உள்ளே போய் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்து பக்கத்து சீட்டில் வைத்தீர்கள். "பாத்துப் போடா" என்றீர்கள். அவ்வளவுதான்.

தாரை வார்க்க என் சம்மதம் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் ரோகினியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

தண்ணி விஷயம். வேண்டாமென்று சொல்லாதீர்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் அவர்கள் குடிக்காமல் இருக்கப்போவதில்லை. கார் பூட்டில் வைத்துக் கொண்டுவந்து செம்பனைத் தோட்டத்துக்குள் நிறுத்தி, சாப்பாடுகூட இல்லாமல் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்தால் எவன் எவ்வளவு குடித்தான் என்றாவது தெரியும். கொடுங்கள். ஆனால் முறையாகக் கொடுங்கள்.

வீரமுத்து


லாபு
20 ஜூலை 2025

தம்பி முத்து,

உன் கடிதத்தைப் பஞ்சாலையிடம் காட்டவில்லை. எழுத்து புரியவில்லை என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

முறையாகக் கொடு என்றாய். எது முறை என்று எனக்கே தெரியவில்லை. அதனால் போன வாரம் போலீஸ் நிலையத்துக்கே போய்க் கேட்டேன். முன்மேசையில் ஒரு தமிழ்ப் பையன், கார்ப்பரல். வீட்டு விருந்தில் பீர் வைக்கலாமா என்று கேட்க ஒருவர் நேரில் வருவது அவனுக்கு அதுதான் முதல் தடவையாம். நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

சொந்த வீட்டில், கூப்பிட்ட ஆட்களுக்குச் சும்மா கொடுப்பதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லையாம். தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணினால் அது விற்பனை மாதிரி ஆகிவிடும், அந்த வேலையே வேண்டாம் என்றான். கடையில் இருபத்தொன்றுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது, வீட்டிலும் அந்த வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்றான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களைக் கூப்பிட்டால் அவர்களுக்குச் சமையலும் மேசையும் தனியாக, தள்ளி. கூடாரம் சாலையில் இறங்கினால் நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்கவேண்டும். அப்புறம், வரி கட்டாத மலிவு பீர் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே கூடாது. அதை அவன் சொன்னபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நம் வீட்டில் இருந்த பெட்டிகளைப் பற்றி உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை வேறு கண்ணும் படிக்கும், அதனால் மேலே எழுதவில்லை.

கடைசியில் கேட்டேன், குடித்துவிட்டு ஒருவர் என் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனால் அதற்கு நான் பொறுப்பா என்று. பையன் கொஞ்சம் யோசித்தான். "சட்டப்படி ஓட்டறவருதான் பொறுப்பு அங்கிள். ஆனா கேட்ல நிக்கறது நீங்கதானே" என்றான்.

முத்து, அன்று என்னை விசாரித்தபோது இரவெல்லாம் தூங்காமல் போயிருந்தேன். தண்ணி எங்கே வாங்கினது, யார் ஊற்றினது, எத்தனை பேர் என்று அடுத்தடுத்துக் கேள்வி. பெட்டிகளைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று வியர்த்தது. அப்போது அந்த அதிகாரி, நீ தடுத்துப் பார்க்கவில்லையா என்றார். பார்த்தேன் என்று வாயில் வந்துவிட்டது. எப்படித் தடுத்தாய் என்றார். சாவியைக் கேட்டேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பெட்டிகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெளியே வந்து பைப்பில் முகம் கழுவினேன். திரும்பிப் போய் மாற்றிச் சொல்லலாமென்று பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். பிறகு பஸ் வந்தது.

ரோகினியிடம் சொல்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் முடியட்டும். இப்போது சொன்னால் அந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது. ஊரைக் கூப்பிட்டாயிற்று.

மனம் விட்டு ஒன்று கேட்கிறேன். நான் கேட்டிருந்தாலும் நீ கொடுத்திருப்பாயா? அன்றைக்கு உன் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. எப்படியும் கொடுத்திருக்க மாட்டாய் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன்


சிறைச்சாலை
6 ஆகஸ்ட் 2025

அண்ணே,

இங்கே எனக்கு இப்போது துணி வெளுக்கும் இடத்தில் வேலை. நாளெல்லாம் ஈரத்தில் நின்று விரல் நுனி எல்லாம் வெந்துபோய்விட்டது. பேனாவை நீண்ட நேரம் பிடிக்க முடியவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு என்றால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். முதலில் மறுவீடு என்பீர்கள். அப்புறம் தீபாவளி. அப்புறம் அவள் மாசமாக இருக்கிறாள், இப்போது வேண்டாம் என்பீர்கள். உங்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

மாயாண்டியின் சம்சாரம் தனலெட்சுமி கோர்ட்டுக்கு ஒரே ஒரு நாள்தான் வந்தது. சுங்கை காடுட்டில் இரவு வேலை முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தது. வெளியே நடைபாதையில் என்னைக் கொண்டுபோனபோது எதிரில் நின்றது. திட்டும் என்று நினைத்தேன். "அத்தன பேரு இருந்தீங்களே, ஒருத்தருகூட நிறுத்தலயா?" என்று மட்டும் கேட்டது. மறுபடி உள்ளே போன பிறகுதான் உங்கள் வாக்குமூலத்தை வாசித்தார்கள். அதைக் கேட்டபோது அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தது. நிறுத்தியும் நிற்காதவன் என்று.

அன்றைக்கே எழுந்து, இல்லை, இவர் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. ரோகினிக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு அந்தக் காரணத்துக்கு வேலை இல்லை. அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

கொடுத்திருப்பேனா என்று கேட்டீர்கள். நீங்கள் அவளிடம் சொன்ன பிறகு அதற்குப் பதில் எழுதுகிறேன். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

வீரமுத்து


லாபு
7 செப்டம்பர் 2025

தம்பி முத்து,

சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு காலை. பஞ்சாலையும் ரோகினியும் கூடத்தில் உட்கார்ந்து கடைசிக் கட்டு அழைப்பிதழ்களுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நேராகச் சொன்னேன். நான் சாவியைக் கேட்கவில்லை, உன் அப்பா மறுக்கவும் இல்லை, போலீசில் பயந்துபோய்ச் சொன்னது பொய் என்று. இத்தனை நாள் மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தபோது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ரோகினி தலை நிமிரவில்லை. மீதமிருந்த அழைப்பிதழ்களுக்கு நாலு மூலையும் தடவி முடித்தாள். பிறகு, "அப்பா ஏன் கோர்ட்ல சொல்லலே" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

பஞ்சாலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயுமா" என்றாள். அன்றிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு ரோகினியின் அறையில் படுக்கிறாள். சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

இரண்டு நாள் கழித்து ரோகினி கிளினிக்கிலிருந்து வந்ததும் என் எதிரில் நின்றாள். தாரை வார்க்க ஈப்போவிலிருந்து வசந்தன் மாமாவும் அத்தையும் வருவார்கள், போன் பண்ணிப் பேசிவிட்டேன் என்றாள். வசந்தன் அவள் அம்மாவுடன் பிறந்தவர், முறைதான், அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. சரி என்றேன்.

"நீங்க மறுவீட்டன்னிக்கி கேட்ல நில்லுங்க பெரியப்பா. குடிக்கிற ஆளு யாரா இருந்தாலும் சாவி உங்ககிட்ட இருக்கணும்" என்றாள். பிறகு போகத் திரும்பியவள் நின்று சொன்னாள்: "கேட்டதா சொன்னீங்கள்ல. கேளுங்க."

கோயிலில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். வசந்தன் தாரை வார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் பிள்ளை நன்றாக இருந்தாள், முத்து. அரக்குச் சேலை. உன் அம்மாவின் நெற்றி அவளுக்கு. இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மறுநாள் விருந்து. பீரை நீலாயில் ரசீதோடு கடையில் வாங்கினேன். மலிவாகத் தருகிறேன் என்று பழைய ஆள் போன் பண்ணினான், வேண்டாமென்று வைத்துவிட்டேன். கூடாரத்துக்கு அனுமதி வாங்கிவிட்டோம். பதினொரு மணிக்கெல்லாம் கேட்டில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம், குடிப்பீர்களா, ஓட்டி வந்தது நீங்களா என்று கேட்பது. ஆமாம் என்றால் சாவியை வாங்கிப் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி டப்பாவில் போடுவது. குடிக்காத நாலு பையன்களை முகுந்தன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். நேரமானதும் ஆட்களை வீடு கொண்டுபோய் விடுவது அவர்கள் வேலை. தோட்டத்துக்குள் கிராப் டாக்சி வராது, உனக்குத்தான் தெரியுமே.

முதல் ஆளை உள்ளே விட்டுவிட்டு, பின்னால் போய்த்தான் சாவியைக் கேட்டேன். முப்பத்து நாலு வருடம் மண்டோராக இருந்தவன், ஆட்களை அதட்டி வேலை வாங்கினவன். ஒரு சாவியைக் கேட்க இந்தப் பாடு. சிலர் சிரித்தார்கள். சிலர் போலீஸ் ரோட் பிளாக்கை இங்கேயே போட்டுவிட்டார்கள் என்று கிண்டல் பண்ணினார்கள். ஆனால் கொடுத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டதும் கொடுத்தார்கள், முத்து. ஒருவர் பின் ஒருவராகப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை. சுகுமாறன், மாப்பிள்ளையின் சித்தப்பா. முப்பது வருடமாக ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாலரை மணிக்கு முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தார், பின்னாலேயே அவர் மனைவி. சாலையோரம் நிறுத்தியிருந்த காரில் ஏறி உட்கார்ந்தார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

"சாவியக் குடுங்க. பையன் கொண்டுபோய் விடுவான்" என்றேன்.

"கேக்க நீங்க யாரு? பொண்ணுக்கு அப்பாவா?" என்றார்.

தாரை வார்த்தவன்கூட நான் இல்லை. காரின் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் ஹார்ன் அடித்தார். கூட்டம் எல்லாம் கேட்டுக்கு வந்துவிட்டது. வண்டியைக் கிளப்பி மெதுவாக நகர்த்தினார். முன்பக்கம் என் முட்டியில் வந்து ஒட்டியது. நான் நகரவில்லை. தைரியம் என்று நினைக்காதே, அந்த முட்டியை வைத்துக்கொண்டு சட்டென்று விலக என்னால் முடியாது. மழையும் பிடித்துக்கொண்டது. என்னவோ, இடித்தால் இடிக்கட்டும் என்று ஒரு அலுப்பு வந்துவிட்டது.

அப்போது ரோகினி பட்டுச்சேலையோடு மழையில் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுகுமாறன் எஞ்சினை நிறுத்தினார். பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி கைநீட்டிச் சாவியை எடுத்து இறங்கிவந்து என்னிடம் கொடுத்தது. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த நாலு பையன்களில் ஒருவன் ஓட்டிய வண்டியில் சுகுமாறன் போனார். சம்பந்தி அன்றைக்கு மாலை முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ரோகினிக்கு அந்த வீட்டில் இதனால் சங்கடம் வருமோ என்னவோ. வந்தால் அதுவும் என் கணக்குத்தான்.

புதன்கிழமை போலீஸ் நிலையத்துக்குப் போய், முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். மலிவு பீர்ப் பெட்டிகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். போலீஸ் சார்ஜன் இரண்டு தடவை படித்தார். வழக்கு முடிந்து ஆளும் உள்ளே போயாயிற்று, இப்போது எதற்கு என்று கேட்டார். தாளை அவர் பக்கம் தள்ளினேன். நகல் ஒன்று கொடுத்து, தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார். இன்னும் கூப்பிடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அதுதானோ என்று பார்க்கிறேன். பஞ்சாலை கூட வந்தாள். உள்ளே வராமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது, "தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டாள். இரண்டரை வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

தனலெட்சுமியைப் பார்க்க இன்னும் போகவில்லை. போவேன் என்று எழுதலாம். எழுதிவிட்டுப் போகாமல் இருந்தால் அது இன்னொரு பொய். அதனால் எழுதவில்லை.

நான் கேட்டதற்கு இப்போது பதில் எழுது. அன்றைக்கு நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?

மாணிக்கம்


சிறைச்சாலை
30 செப்டம்பர் 2025

அண்ணே,

போன வாரம் ரோகினி வந்தாள். கூட மாப்பிள்ளையும் வந்தார். வந்ததும் கும்பிட்டார், எனக்கு எழுந்து நிற்பதா உட்கார்வதா என்று தெரியவில்லை. கல்யாணப் படங்களைக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். நேரம் போய்விடும் என்று அவசர அவசரமாகக் காட்டினாள். நான் இரண்டாவது படத்திலிருந்து எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

சுகுமாறன் வீட்டில் இன்னும் கோபமாம். அவர் மனைவி மட்டும் இரண்டு நாள் கழித்து இவளுக்குப் போன் பண்ணி, அவர் என்னை வைத்துக்கொண்டு இப்படித்தான் எப்போதும் ஓட்டுவார், அன்றைக்குத்தான் ஒருவர் குறுக்கே நின்றார் என்று சொன்னதாம். நீங்கள் கவலைப்படவேண்டியதில்லை.

கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று ரோகினி என்னிடமும் கேட்டாள். தெரிந்தே கேட்கிறாள், என் வாயால் வரவேண்டும் என்று. சொன்னேன். "நான் சொல்லியிருந்தா நீ அந்த வூட்ல எப்படிம்மா இருந்திருப்பே?"

அதுதான் காரணம், அண்ணே. எனக்குப் பத்து வருடம் என்று தெரிந்த நாளில் அவளுக்கு இருபத்தொரு வயது. அம்மா இல்லை. வாடகை வீடு. பஞ்சாலை அண்ணி கோர்ட் வாசலிலேயே அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வா வீட்டுக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நான் எழுந்து உங்களைப் பொய்யர் என்று சொல்லியிருந்தால் அவள் அந்த வீட்டில் ஒரு நாள் தங்கியிருக்க மாட்டாள். நிறுத்தியும் நிற்காதவன் என்ற பேரை நான் வைத்துக்கொண்டேன், அவளுக்கு உங்கள் வீடு கிடைத்தது. அவள் என்னை வெறுப்பாள் என்று தெரியும். இவ்வளவு நாள் வெறுப்பாள் என்று நினைக்கவில்லை.

அவளை நன்றாக வைத்திருந்தீர்கள். அதை மறுக்கமாட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கொடுத்திருக்க மாட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். இரண்டு தடவை அப்படியே எழுதிக் கிழித்துப் போட்டேன். அண்ணே, கொடுத்திருப்பேன். இருபது வருடம் நீங்கள் ஏறு என்ற லோரியில் ஏறினேன், இறங்கு என்ற இடத்தில் இறங்கிச் செம்பனைக் குலை தூக்கினேன். என் மனைவி செத்த அன்று சாப்பிடு என்றீர்கள், சாப்பிட்டேன். அன்றைக்கு நீங்கள் கையை நீட்டியிருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருப்பேன்.

உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. கேட்டீர்கள், அதனால் சொன்னேன். நீங்கள் கேட்காமல் இருந்தது வேறு, நான் ஓட்டியது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு நீங்கள் சுமக்கவேண்டாம். நான் ஓட்டியதற்கு நான் இங்கே இருக்கிறேன். அது எனக்கே சரியாக இருக்கிறது.

போலீஸ் கூப்பிட்டால் போய்ச் சொல்லுங்கள். நான் என்ன சொல்லவேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டால் நானும் உள்ளதைச் சொல்வேன்.

மழைக்காலம் வந்துவிட்டது, துணி காய்வதில்லை. எல்லோருக்கும் ஈரத்துணிதான் கிடைக்கிறது, எல்லோரும் எங்களைத் திட்டுகிறார்கள்.

இங்கே பார்க்க வருகிறவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். என் தாளில் ரோகினி ஒருத்தி பெயர்தான் இவ்வளவு நாள் இருந்தது. இப்போது முகுந்தன் பெயரைச் சேர்த்திருக்கிறேன். கீழே இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் ஐ.சி. அட்டை நம்பரை எழுதி அனுப்புங்கள். அண்ணியுடையதையும்.

வீரமுத்து